சுற்றுலா விளம்பரத்தில் கிண்டல்: நாம் பட்டவை (வாசகர்கள் நால்வர் எழுதியவை)

கடலோரம், பாம்பன்

டிசம்பர் விடுமுறைக்கான ராமேஸ்வரம் பேக்கேஜ் விளம்பரம் ஒன்று எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு வந்தது. தனுஷ்கோடி படத்தின் மேல் கொட்டை எழுத்தில், "பேய்களோடு ஒரு பிக்னிக்! உயிரோடு திரும்பினால் டிபன் ஃப்ரீ!" இடிந்த தேவாலயச் சுவர் ஓரமாக ஒரு எலும்புக்கூடு கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

என் அம்மாவின் பெரியப்பா அந்தத் தனுஷ்கோடியில்தான் கருவாட்டு வியாபாரம் செய்தார். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் போனவர், உடல்கூடக் கிடைக்கவில்லை. அதே இரவில்தான் பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையும் கடல் அப்படியே வாரிக்கொண்டு போனது. அந்தத் தேதியில் எங்கள் வீட்டில் இன்றும் படையல் உண்டு. இந்த விளம்பரம் வந்ததும் அதே மாதத்தில்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த தம்பி, "சும்மா ஜாலிக்குத்தான் சார், இப்படிப் போட்டாத்தான் பசங்க புக் பண்றாங்க" என்றார். புயல் பற்றி அவருக்குத் தெரிந்தே இருந்தது. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. தெரியாமல் எழுதியிருந்தால் எடுத்துச் சொல்லலாம்.

அப்புறம், ஊர் வாழத் தகுதியில்லாதது என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு இருக்கிறார்கள். சங்கு மாலையும் பொரித்த மீனும் விற்கிற அக்காக்களிடம், "பேய் எங்கக்கா இருக்கு?" என்று கேட்டுச் சிரிக்கிற கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். விளம்பரம் படித்துத்தானே அப்படி வருகிறார்கள்? இத்தனைக்கும் ஆளை வரவழைக்கக் கிண்டல் தேவையே இல்லை. 2017-ல் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை ரோடு வந்துவிட்டது. ஒரு பக்கம் குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும் கடல், மறுபக்கம் சீறுகிற கடல். அதைச் சொன்னாலே வண்டி நிறையும்.

மயிலை வாசகி

அப்பா காலமான பிறகு அண்ணாவும் நானும் காசி, கயா போக ஒரு டிராவல்ஸில் பதிவு செய்தோம். பயணக் காரணம் என்ற இடத்தில் 'பித்ரு காரியம்' என்று எழுதியிருந்தோம். பணம் கட்டியதும் வந்த மெசேஜ்: "பெட்டியைக் கட்டு மச்சி, பார்ட்டி ஆரம்பம்!" விசாரித்தால் கோவாவுக்கும் கயாவுக்கும் ஒரே மெசேஜ்தானாம், கம்ப்யூட்டர் தானாக அனுப்புகிறதாம். காரணத்தைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள் அதைப் படித்திருக்க வேண்டாமா?

கிள்ளான் தமிழன்

பெரிய கம்பெனிகளிலும் இது நடந்திருக்கிறது. 2014 மார்ச்சில் மலேசியா ஏர்லைன்ஸின் எம்எச்370 விமானம் 239 பேரோடு காணாமல் போனது. ஜூலையில் உக்ரைன் மேலே எம்எச்17 சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். செப்டம்பரில் அதே நிறுவனம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மக்களுக்கு 'மை அல்டிமேட் பக்கெட் லிஸ்ட்' என்று ஒரு போட்டி வைத்தது. சாவதற்கு முன் என்னென்ன பார்க்க ஆசை என்று எழுத வேண்டும்! கண்டனம் கிளம்பியதும் அந்தப் பெயரைக் கைவிட்டார்கள். வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார்கள்தான். ஆனாலும் ஆளைப் பறிகொடுத்த வீட்டில் ஒருவர் இதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று, வெளியிடும் முன் ஒருவர்கூடக் கேட்கவில்லையே.

திருப்பூர் அம்மா

பிள்ளைகளோடு தாய்லாந்து போக விசாரித்தேன். அனுப்பிய பி.டி.எஃப்.பில் பட்டாயா பற்றிய பக்கத்தில், "வீட்டம்மா ஷாப்பிங் போகட்டும், சார் நீங்க எங்க போகணும்னு எங்களுக்குத் தெரியும்" என்று கண்ணடிக்கிற பொம்மை. என் மகள் ஏழாம் வகுப்பு, அவள்தான் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பணம் கட்டப்போவது நான்தான் என்பதையும் சொல்லி, வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். இப்போது வேறு ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் அனுப்பிய தாளில் கிளம்பும் நேரம், ஹோட்டல், சைவச் சாப்பாடு கிடைக்கும் இடம் எல்லாம் இருக்கிறது.