ஆலோசகர் பயிற்சிக்கான முதுநிலைப் படிப்பு: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி

சில ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்த பிறகு, மனநல ஆலோசகராவதற்கான முதுநிலைப் படிப்பில் சேர முடிவு செய்திருக்கிறேன். இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்துள்ளது. ஒன்று முழுவதும் இணையவழிப் படிப்பு. பாடத்திட்டங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், ஆலோசனைக் கோட்பாடுகள், மனித வளர்ச்சி, குழு ஆலோசனை, உளமதிப்பீடு, தொழில் அறம் என்று ஏறத்தாழ ஒரே தாள்கள்தான் இருக்கின்றன. எதை வைத்து முடிவெடுப்பது? உளவியல் முதுநிலைப் பட்டமே போதாதா?

மறுமொழி 1

களப்பயிற்சியைப் பாருங்கள். மொத்தம் எத்தனை மணி நேரம், அதில் ஆலோசனை நாடி வருபவரோடு நேரடியாக அமரும் நேரம் எவ்வளவு என்பதை எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், 1981-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட காக்ரெப் (CACREP) என்னும், ஆலோசகர் படிப்புகளுக்கான தரச்சான்று அமைப்பு, முதற்கட்டப் பயிற்சியாகக் குறைந்தது 100 மணி நேரத்தையும், அதன்பின் பணியிடப் பயிற்சியாக 600 மணி நேரத்தையும் கோருகிறது. இவற்றில் முறையே 40, 240 மணி நேரம் நேரடி ஆலோசனையாக இருக்க வேண்டும். உளவியல் பட்டம் பல இடங்களில் ஆய்வையே மையமாகக் கொண்டது. நீங்கள் பணியாற்றப்போகும் இடத்தின் உரிம விதிகள் அதை ஏற்கின்றனவா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மறுமொழி 2

மணிக்கணக்கு மட்டும் போதாது. உங்கள் அமர்வின் பதிவை உட்கார்ந்து கேட்பவர் ஒருவர் வேண்டும். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940-களிலேயே அமர்வுகளை ஒலித்தட்டில் பதிவு செய்து மாணவர்களோடு ஆராய்ந்தார். நான் படித்தபோது, சக மாணவி ஒருவரோடு செய்த பயிற்சி அமர்வின் பதிவை மேற்பார்வையாளர் பாதியில் நிறுத்தி, "அவர் குரல் தழுதழுத்த இடத்தில் நீங்கள் தூக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள், அந்த அழுகையைத் தாங்க முடியாமல் போனது யாருக்கு?" என்றார். அது எனக்குத்தான் என்று புரிய ஒரு வாரம் ஆயிற்று. எந்தத் தாளும் அதை எனக்குக் கற்றுத் தந்திருக்காது.

மறுமொழி 3

இணையவழி என்பதற்காகவே ஒதுக்கிவிட வேண்டாம். கோட்பாட்டு வகுப்புகள் அப்படியும் நன்றாக நடக்கும். ஆனால் பயிற்சியிடத்தை நிறுவனமே ஏற்பாடு செய்கிறதா, மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமா என்று கட்டாயம் கேளுங்கள். இடம் கிடைக்காமல் ஓராண்டு காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

கேட்டவர்

இரு இடங்களுக்கும் எழுதினேன். ஒன்றிலிருந்து, வாரந்தோறும் ஒரு மணி நேரம் தனி மேற்பார்வை உண்டு என்று பயிற்சிக் கையேட்டையே இணைத்து அனுப்பியிருக்கிறார்கள். மற்றொன்றிலிருந்து கட்டண விவரம் மட்டும் வந்திருக்கிறது. பயிற்சியிடம் பற்றி மீண்டும் கேட்டிருக்கிறேன்.