குளிர்ந்துபோன பீக்கர்: வெப்பத்தை இழுத்துக்கொண்டும் உப்பு ஏன் கரைகிறது?

தர்மபுரி மாணவி:
பெங்களூரில் பி.எஸ்ஸி. வேதியியல் முதலாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. சென்ற வாரம் ஆய்வகத்தில் 50 மி.லி. தண்ணீரில் 10 கிராம் அம்மோனியம் குளோரைடைப் போட்டுக் கலக்கினேன். 26 டிகிரியில் நின்ற வெப்பமானி 16-ஐ நெருங்கிவிட்டது. பீக்கர் வெளியே வியர்த்து, விரலில் ஈரம் ஒட்டியது. ஆற்றல் குறையும் பக்கமாகத்தான் எதுவும் நடக்கும், மேட்டு நீர் பள்ளத்துக்கு ஓடுவது போல என்று படித்த நினைவில், "என்தால்பி கூடுகிறது, ஆகவே தன்னிச்சையானது அன்று" என்று பதிவேட்டில் எழுதினேன் (என்தால்பி என்பது வெப்ப உள்ளடக்கம், தன்னிச்சையானது என்பது தானாக நடப்பது). சிவப்பு மையில் ஒரு கோடு, காரணம் எழுதப்படவில்லை. கட்டிலா ஆற்றல் சூத்திரம் மனப்பாடம்: என்தால்பி மாற்றத்திலிருந்து, வெப்பநிலையையும் என்ட்ரோபி (பரவலின் அளவு) மாற்றத்தையும் பெருக்கிக் கழிக்க வேண்டும்; விடை மைனஸ் என்றால் தானாக நடக்கும். ஆனாலும் அந்தக் கோடு ஏன் என்று தெரியாமல் அடுத்த பாடத்துக்குப் போக மனம் வரவில்லை.

ஜெயநகர் ஆசிரியர்:
அம்மா, உன்னைத் திசைதிருப்பியது அந்தப் பள்ளத்து நீர்தான். மொத்த ஆற்றல் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அது வெப்ப இயக்கவியலின் முதல் விதி. திசையைச் சொல்வது இரண்டாம் விதி: அமைப்பு (பீக்கருக்குள் இருப்பது), சூழல் (அதைச் சுற்றியிருப்பது) இரண்டின் என்ட்ரோபியையும் கூட்டினால் மொத்தம் உயர வேண்டும். படிகத்தில் வரிசையாக நின்ற அயனிகள் நீரெங்கும் பரவுவதால், ஒரு மோலுக்கு அமைப்பின் என்ட்ரோபி சுமார் 75 ஜூல்/கெல்வின் கூடுகிறது. சூழல் 14.7 கிலோஜூல் வெப்பத்தைக் கொடுக்கிறது. 298 கெல்வினால் வகுத்தால் அதன் என்ட்ரோபி இழப்பு 49. மிச்சம் 26, நேர்க்குறி. அதனால்தான் கரைகிறது. இவை திட்ட நிலைக்கான, அதாவது ஒப்பீட்டுக்காக வகுத்துவைத்த செறிவுக்கான எண்கள். கரைசல் செறியச் செறிய மிச்சம் சுருங்கி, இனி உப்பு கரையாத நிறைகரைசலில் சுழியாகிவிடும்.

தர்மபுரி மாணவி:
ஐயா, சூத்திரத்தில் போட்டால் 14.7 கழித்தல் 22,350 என்று வருகிறது. மைனஸ் இருபத்திரண்டாயிரம் கிலோஜூலா?

அல்சூர்வாசி:
தங்கச்சி, என்தால்பியைக் கிலோஜூலிலும் என்ட்ரோபியை ஜூலிலும் வைத்துக் கழித்திருக்கிறாய். நானும் இதே இடத்தில் முழு மதிப்பெண்ணை இழந்தவன். 22,350 ஜூல் என்பது 22.4 கிலோஜூல், விடை மைனஸ் 7.7. ஐயா சொன்ன 26-ஐ 298-ஆல் பெருக்கிப் பார், அதே எண்தான் வரும். சூத்திரத்தில் தனியாகக் காணாவிட்டாலும், என்தால்பி உறுப்புக்குள் இருப்பது சூழலின் கணக்குதான்.

இன்னொன்றை விடுதிச் சமையலறையிலேயே பார்க்கலாம். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். இங்கே தண்ணீர் 97 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைவு என்பதால் ஆவிக்குப் பரவ இடம் அதிகம். என்ட்ரோபி உயர்வும் அதிகம். அதனால் கட்டிலா ஆற்றல் மாற்றம் சுழியாகும் வெப்பநிலை கீழே இறங்குகிறது.

தர்மபுரி மாணவி:
49-உம் 75-உம் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோதுதான் பிடிபட்டது. நான் பீக்கருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வியர்த்த ஈரமும் கணக்கில் சேர்ந்தது என்று தோன்றவே இல்லை. திங்கட்கிழமை அந்தச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இதை எழுதிக் காட்டப்போகிறேன். வெப்பமானியை இரவல் வாங்கிவந்து, கொதிக்கும் தண்ணீரையும் அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அண்ணா.