மறுமொழி: ஆர்க்கிட் ‘ரீபாட்டிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

கோவையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். மாடித்தோட்ட வகுப்புக்கு இரண்டு பக்கக் கையேடு எழுதுகிறேன். புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. வீட்டில் வளர்க்கும் பலெனாப்சிஸ் ஆர்க்கிட்டை எப்போது, ஏன் ரீபாட்டிங் செய்ய வேண்டும் என்பது பாடம்.

போன முறை ‘தொட்டி மாற்றுதல்’ என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்த ஓர் அம்மா, இருந்ததைப் போல இரண்டு மடங்கு பெரிய தொட்டி வாங்கிச் செடியை அதில் வைத்துவிட்டார். உள்ளே ஈரம் காயவே இல்லை, வேரெல்லாம் அழுகிப் போயிற்று. அவரைக் குறை சொல்ல மாட்டேன், என் சொல்தான் அவரைக் கடைக்கு அனுப்பியது. வேருக்கு இடம் போதுமென்றால் பழைய தொட்டியே போதும். மாற்ற வேண்டியது உள்ளே இருக்கும் மரப்பட்டைத் துண்டுகளை. ஒன்றிரண்டு ஆண்டில் அவை மக்கிப் பொடியாகி, காற்றுக்கு வழிவிடாமல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இதைச் சொல்ல ஒரு சொல் வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து

அம்மா, ‘மறுநடவு’ என்ற நல்ல சொல் இருக்கிறதே. நாற்று பறித்து நடும் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கூடவே ‘ஆர்க்கிட்’டையும் மாற்றிவிடுங்கள். மந்தாரை என்று எழுதியிருக்கப் பார்த்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து

ஐயா, மந்தாரை ஒரு மரம், அவரைக் குடும்பம். அதன் பூ ஆர்க்கிட் போலத் தெரிவதால் ஆங்கிலத்தில் அதை ஆர்க்கிட் மரம் என்கிறார்கள். அதைத் திருப்பிப் போட்டு, ஆர்க்கிட்டுக்கே மந்தாரை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

‘நடவு’ எனக்குச் சரியாகப் படவில்லை. நடுதல் என்றால் நிலத்தில் ஊன்றுதல், நடுகல்லிலும் அதே பொருள்தான். பலெனாப்சிஸ் மரத்தில் தொற்றி வாழ்வது. ‘நடவு’ என்று வாசித்தவர் மண்ணைத்தான் தேடுவார், மண்ணில் வைத்தால் அதன் வேர் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். இங்கே இதைக் குருவிச்சை என்று நினைத்துப் பிடுங்கி எறிபவர்களும் உண்டு. குருவிச்சை மரத்தின் சாற்றை உறிஞ்சும். இது மரத்திடம் இடம் மட்டுமே கேட்கிறது. எங்கள் வழக்கில் ‘சாடி மாற்றுதல்’ என்பார்கள், ஆனால் அதிலும் கோவை அக்கா சொன்ன அதே பிழை இருக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து

தொற்றி வாழ்வது என்றீர்கள், அது என்னை எங்கோ கொண்டுபோய்விட்டது. கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்று நால்வகைப் பூ. இது எதில் சேரும்? கோட்டில் பூக்கிறது, ஆனால் அந்தக் கோட்டின் பூ அன்று. கோடு என்றால் மரக்கிளை. ‘பற்றுக்கோடு’ என்று நாம் தினமும் சொல்வதில் அந்தக் கிளைதானே இருக்கிறது! தொட்டியில் இடும் மரப்பட்டை, இந்தச் செடிக்கு உண்மையாகவே பற்றுக்கோடு. ஆகவே ‘பற்றுமாற்று’. மறுநடவை விட்டுவிடுகிறேன்.

சென்னையிலிருந்து

ஐயா, சொல் அழகு. ஆனால் கையேட்டில் ‘பற்றுமாற்று’ என்று பார்த்தால் வங்கிக் கணக்கில் பற்று வரவு என்றுதான் நினைப்பார்கள். ‘வளர் ஊடகம் மாற்றல்’ என்பது பாடநூல் நடை. ஆனால் ஊடகம் என்றதும் இன்று தொலைக்காட்சிதான் நினைவுக்கு வருகிறது. ரீபாட்டிங் என்றே விட்டுவிட்டு ஒரு வரி விளக்கம் கொடுத்தால் என்ன?

கோலாலம்பூரிலிருந்து

நான் செடி விற்பவன், இலக்கணம் தெரியாது. கடையில் வாங்கும் பலெனாப்சிஸைத் தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். பலதில் வேர்களுக்கு நடுவே, பட்டைக்குப் பதிலாக வைத்த பாசி இறுக்கமான கட்டியாக இருக்கும். வெளியே காய்ந்திருக்கும், விரலை விட்டால் உள்ளே சொதசொதவென்று இருக்கும். நல்ல வேர் கெட்டியாக இருக்கும், நனைத்தால் வெள்ளி நிறம் பச்சையாக மாறும். செத்த வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று, நூல் மட்டும் கையில் நிற்கும். அதை வெட்டிவிட வேண்டும். பூ இருக்கும்போது கை வைக்கக் கூடாது. பூ உதிர்ந்து, புது வேர் நுனி பச்சையாக எட்டிப் பார்க்கும் நேரம்தான் சரி. பட்டையோ, பாசியோ, கரித்துண்டோ, தேங்காய் மட்டைத் துண்டோ, வேரைச் சுற்றிப் பொதிந்து வைப்பதுதான் எல்லாம். ‘பொதி மாற்றுதல்’ என்றால் என் கடைக்கு வருபவர்களுக்குப் புரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து

‘பொதி’ எனக்குச் சம்மதம். பட்டை, பாசி இரண்டுக்கும் பொருந்துகிறது. அந்த உறைக்கு, அதாவது வெலாமனுக்கு, ஒரு சொல் தேடுவோமா? ‘பஞ்சுத்தோல்’? பலெனாப்சிஸ் என்பதே 1825-இல் பிளூம் இட்ட பெயர். ‘அந்துப்பூச்சி போன்றது’ என்று பொருள். அதையும் ‘அந்துப்பூ’ ஆக்கலாம்.

கோவையிலிருந்து

அவற்றுக்குத் தனி இழை தொடங்குங்கள், எனக்கு நாளை அச்சு. தலைப்பில் ‘பொதி மாற்றுதல்’, கீழே முதல் வரியில் ‘ரீபாட்டிங் என்று கடைகளில் சொல்வது’ என்று போடுகிறேன். மூன்று பேர் சரி என்கிறோம்.

தஞ்சாவூரிலிருந்து

நான் சரி என்று சொல்லவில்லை. பொதி என்றால் மாட்டின் மேல் ஏற்றும் மூட்டை. இது செடி பிடித்துக்கொண்டு வாழும் இடம். அச்சுக்காகத் தடுக்க மாட்டேன். இரண்டாம் பதிப்பு வந்தால் ‘பற்றுமாற்று’வை மறுபடி எழுப்புவேன்.

கோலாலம்பூரிலிருந்து

அக்கா, அச்சுக்கு முன் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மாற்றிய பிறகு நாலைந்து நாள் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெட்டிய வேர் காய வேண்டும்.