என்ஜினைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத கார் விளம்பரம்

பித்தளை விளக்கு எழுதியது:

1923 ஜூனில் அமெரிக்காவின் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் வார இதழில் வெளியான, ஜோர்டன் நிறுவனத்தின் பிளேபாய் காருக்கான விளம்பரத்தை இங்கே பலர் கொண்டாடுகிறீர்கள். எனக்கு அது வருத்தம் தருகிறது. படத்தில் ஒரு பெண் திறந்த காரைப் பறக்கவிடுகிறாள். பக்கத்தில் குதிரைக்காரன் ஒருவன் அவளுக்கு ஈடுகொடுத்துப் பாய்கிறான். கீழே 'லாரமிக்கு மேற்கே எங்கோ' என்று தொடங்கும் சில பத்திகள். லாரமி வயோமிங் மாநிலத்து ஊர். வெயில், குதிரை, சிரிப்பு, அந்திவானம் எல்லாம் வருகின்றன. எத்தனை சிலிண்டர், எவ்வளவு குதிரைத்திறன், பிரேக் எப்படிப்பட்டது என்று ஒரு சொல்லும் இல்லை.

சொல்வதற்குச் சொந்தச் சரக்கு இல்லை என்பதுதான் காரணம். கிளீவ்லண்டில் இயங்கிய ஜோர்டன் நிறுவனம் என்ஜினைக் கான்டினென்டல் நிறுவனத்திடமும் சக்கர அச்சுகளை டிம்கென் நிறுவனத்திடமும் வாங்கியது. பிறர் செய்த உறுப்புகளைப் பூட்டி, வண்ணம் தீட்டி, கவிதை சேர்த்து விற்றார்கள். நாற்பது ஆண்டுகள் என்ஜினைத் திறந்து மூடிய கை என்னுடையது. இயந்திரத்தைச் செய்தவனின் உழைப்பு விளம்பரத்திலிருந்து துரத்தப்பட்டது அந்தப் பக்கத்தில்தான்.

மைக்கூடு எழுதியது:

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன் பணிந்துதான் பேசுகிறேன். ஆனாலும் வரலாறு அப்படி இல்லை. 1915 ஜனவரி 2 அன்று அதே இதழில் காடிலாக் ஒரு விளம்பரம் கொடுத்தது. அதில் காரின் படம் இல்லை, கார் என்ற சொல்லும் இல்லை. அப்போது காடிலாக்கின் புதிய வி-8 (எட்டு சிலிண்டர்) என்ஜினில் கோளாறுகள் எழுந்தன. போட்டியாளரான பேக்கார்டு அதைக் குத்திக்காட்டியது. விளம்பர எழுத்தாளர் தியடோர் மக்மானஸ் பதிலாக எழுதியது, முன்னே செல்பவன் எப்போதும் ஏச்சுக் கேட்க வேண்டியிருக்கும் என்ற ஒரு சிறு கட்டுரை. ஒரே ஒருமுறைதான் அச்சாயிற்று. அதன் பிரதி கேட்டு வாசகர்கள் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஆக, துரத்தியது ஜோர்டன் இல்லை.

விளம்பர வாசகம் எழுதிப் பிழைப்பவள் நான். ஜோர்டன் விளம்பரத்தின் அச்சுப்படி என் மேசைக்கு மேல் மாட்டியிருக்கிறது. முதல் இரண்டு வாக்கியங்களிலும் குதிரைக்குட்டியும் பெண்ணும்தான். மூன்றாவதில்தான் காரின் பெயர் வருகிறது: உண்மையில் இந்த பிளேபாய் அவளுக்காகவே செய்யப்பட்டது என்று. அடுத்த வாக்கியத்தில் ஆங்கில மூலத்தை வாய்விட்டுப் படித்தால் நம் எதுகையும் மோனையும் காதில் விழுகின்றன. நிறுவனத்தின் தலைவர் நெட் ஜோர்டனே எழுதினார். வயோமிங் வழியாக ரயிலில் போகும்போது ஒரு பெண் குதிரையில் ரயிலோடு போட்டியிட்டு வந்தாள், இது எந்த ஊர் என்று கேட்டதற்கு உடன் வந்தவர் சொன்ன பதில்தான் தலைப்பாயிற்று என்பது அவரே சொன்ன கதை.

இன்னொன்றையும் பாருங்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவள் பெண். ஆண் ஓட்ட அவள் பக்கத்தில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1923இல் இது சிறிய செய்தியா?

பித்தளை விளக்கு எழுதியது:

காடிலாக் விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி அம்மா. துரத்தல் தொடங்கியது ஜோர்டன் பக்கத்தில் என்று தவறாகச் சொல்லிவிட்டேன். ஆனால் காடிலாக்கிடம் வி-8 இருந்தது. வாசகன் கடைக்குப் போய் போனட்டைத் திறந்தால் அந்தப் பெருமைக்கு ஒரு பொருள் உள்ளே இருந்தது. ஜோர்டனின் போனட்டைத் திறந்தால் பக்கத்துக் கடையில் இன்னொரு பெயரில் நிற்கும் காரின் என்ஜின்தான் இருக்கும். பெண்ணை ஓட்டுநராக வரைந்ததை மதிக்கிறேன். அவளுக்கு என்ஜினைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்ததை மதிக்க முடியவில்லை.

காற்றுச்சுரங்கம் எழுதியது:

இயந்திரத்தைப் பேசினால் மட்டும் போதும் என்றால் 1934 கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ கார் வென்றிருக்க வேண்டுமே, ஐயா! கிரைஸ்லரின் பொறியாளர் கார்ல் பிரீரும் அவருடைய குழுவினரும் காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் காற்றுச்சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது, அன்றைய கார்கள் முன்னோக்கிப் போவதைவிடப் பின்னோக்கிப் போகும்போதே காற்றை எளிதாகக் கிழிக்கின்றன என்று தெரிந்தது. அங்கிருந்து பிறந்த வடிவம் அது. என்ஜின் முன் அச்சின் மேல் நகர்ந்தது. பின் அச்சுக்கு மேலே குலுங்கிக்கொண்டிருந்த பின் இருக்கை முன்னே வந்தது. ஹெட்லைட்டுகள் தனிக் கிண்ணங்களாக நிற்காமல் உடலுக்குள் அடங்கின. மூக்கு அருவிபோல் வழிந்து இறங்கியது. விளம்பரங்கள் இந்தக் காரணங்களை எடுத்துச் சொல்லின. காரை மலை உச்சியிலிருந்து உருட்டிவிட்டு, பிறகு ஓட்டிக்காட்டிப் படமும் எடுத்தார்கள். மக்களுக்கு அந்த முகம் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டே மூக்கைக் கூராக்கிப் பார்த்தார்கள். 1937உடன் கதை முடிந்தது. கல்லூரியில் அதன் வெட்டுப்படத்தை (உள்ளமைப்பைக் காட்டும் வரைபடத்தை) முதன்முதலில் பார்த்த நாளில் எனக்கு மனம் கனத்தது. இத்தனை சரியாகச் செய்துமா என்று.

பித்தளை விளக்கு எழுதியது:

தம்பி, பாதியை விட்டுவிட்டீர்கள். 1934 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் வைத்தபோது ஆர்டர்கள் குவிந்தன. ஆனால் கார்கள் வெளிவர மாதக்கணக்கில் தாமதமாயிற்று. முதலில் வந்தவற்றில் குறைகள் இருந்தன. அதே ஆண்டு அதே கிரைஸ்லர் பழைய பாணிக் காரையும் பக்கத்திலேயே விற்றது. விளம்பரம் எத்தனை நேர்மையாக இருந்தாலும், பட்டறை தாமதித்தால் என்ன செய்யும்?

நேர்மை விற்காது என்கிறவர்கள் கிரைஸ்லர் நிறுவனத்தின் 1932 பிளைமவுத் கார் விளம்பரத்தைப் பாருங்கள். நிறுவனத்தின் தலைவர் வால்டர் கிரைஸ்லரே காரின் முன் நிற்கும் புகைப்படம். தலைப்பு: மூன்றையும் பாருங்கள். ஃபோர்டையும் செவ்ரலேவையும் பார்த்துவிட்டு எங்களிடம் வாருங்கள் என்று பொருள். என்ஜினை ரப்பர் தாங்கிகளில் மிதக்கவிட்ட வேலை அவர்கள் கையில் இருந்தது. அதனால் அப்படி அழைக்கத் துணிவு வந்தது. விற்பனையும் ஏறியது. விளம்பரம் என்றால் வாசகனைக் காரிடம் அனுப்ப வேண்டும். அந்தியில் வயோமிங்குக்கு அனுப்பக் கூடாது.

மைக்கூடு எழுதியது:

அந்தத் தலைப்பும் ஸ்டர்லிங் கெட்செல் என்ற விளம்பரக்காரரின் சொல்தான், ஐயா. அந்தப் பெருமையில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு.

நீங்கள் கேட்கும் நேர்மைக்கு ஃபோர்டு மாடல் டியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா? மலிவு, உறுதி, எளிதில் பழுதுபார்க்கலாம். 1914 முதல் 1925 வரை கறுப்பு மட்டுமே. 1924இல் ஓக்லண்ட் கார்கள் டியூக்கோ வண்ணப்பூச்சில் நீலமாக வந்தன. வாரக்கணக்கில் காய வேண்டிய பூச்சு சில மணி நேரத்தில் காய்ந்தது. 1927இல் வடிவமைப்பாளர் ஹார்லி ஏர்ல் வரைந்த லாசால் கார் வந்தது. அதே ஆண்டு மே மாதம், ஒன்றரைக் கோடி கார்களைச் செய்து முடித்த பின், மாடல் டி நின்றது. தேய்ந்தது இயந்திரம் இல்லை. அழகான ஒன்றில் ஏறிப் போக வேண்டும் என்ற ஆசை மக்களிடம் வளர்ந்துவிட்டது. அந்த ஆசைக்கு ஜோர்டன் 1923இலேயே சொல் கண்டுபிடித்தார். அது ஏமாற்று என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பித்தளை விளக்கு எழுதியது:

ஆசை பொய் என்று நானும் சொல்லவில்லை. லாசாலின் நீண்ட போனட்டைப் பார்த்தால் எனக்கும் கை அதைத் தடவப் போகும். ஆனால் ஏர்ல் அதைக் களிமண்ணிலும் தகட்டிலும் செய்தார், தொட்டுப் பார்க்கலாம். ஜோர்டன் செய்தது தாளில் நின்றுவிட்டது. 1931இல் நிறுவனம் மூடப்பட்டபோது மிஞ்சியது அந்தப் பக்கம் மட்டும்தான்.

காற்றுச்சுரங்கம் எழுதியது:

ஏர்ஃப்ளோ மூடப்பட்ட பிறகு மிஞ்சியது வேறு. ஜப்பானில் டொயோடாவின் குழு கிரைஸ்லரின் இன்னொரு பெயரான டிசோட்டோவில் வந்த ஓர் ஏர்ஃப்ளோவை வாங்கி, உறுப்பு உறுப்பாகப் பிரித்து ஆராய்ந்தது. 1936இல் வந்த அவர்களுடைய முதல் பயணிகள் காரான ஏஏவின் முகத்தைப் பாருங்கள். அதே வழியும் மூக்கு.

பித்தளை விளக்கு எழுதியது:

இதைத்தான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், தம்பி. அவர்கள் விளம்பரத்தை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளவில்லை, காரைப் பிரித்தார்கள். அந்த ஏஏவின் வெட்டுப்படம் உங்களிடம் இருந்தால் இங்கே போடுங்கள். பின் இருக்கை அச்சுக்கு எவ்வளவு முன்னே வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.