புதுப்பிப்பு: இங்க்ஸ்கேப்பில் ‘ண’வின் சுழிகள்

கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடையொன்றின் பெயர்ப்பலகைக்காக நான் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரையும் ‘ண’வின் சுழிகள் ஏன் மேடுபள்ளமாகத் தெரிகின்றன என்று முன்பு கேட்டிருந்தேன், இப்போது சரியாகிவிட்டது. அதில் கோடுகளை வரையும் பெசியே வளைவின் ஒவ்வொரு துண்டையும் இரு முனைப்புள்ளிகளும், அவற்றிலிருந்து நீண்டு வளைவை இழுக்கும் இரு கைப்பிடிகளுமே தீர்மானிப்பதால், புள்ளிகளை நெருக்கி இடாமல், சுழியின் உச்சி, அடி, இடம், வலம் ஆகிய எல்லைகளில் மட்டும் இட்டு, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி கைப்பிடிகளைக் கிடையாகவோ செங்குத்தாகவோ இழுக்க வேண்டும். கைப்பிடியின் நீளம் ஆரத்தில் ஏறத்தாழ 0.55 மடங்கு இருந்தால் கால்வட்டம் கிடைக்கும். துண்டுகள் சந்திக்கும் புள்ளியைத் தெரிவுசெய்து ஷிப்ட்டுடன் எஸ் விசையை அழுத்த, இரு கைப்பிடிகளும் ஒரே நேர்கோட்டுக்கு வந்து முறிவு மறைகிறது. மேற்கோடு செங்குத்துக் கோட்டைச் சேரும் மூலை கூராகவே இருக்க, அங்கு மட்டும் ஷிப்ட்டுடன் சி விசை. புள்ளிகளைத் தானாகக் குறைத்து எளிமையாக்கும் கட்டளை எனக்கு உவப்பில்லை. அது சுழியின் உருவத்தையே மாற்றிவிடுகிறது.