கிண்டில் இருந்தும் கை தாள் புத்தகத்தையே தேடுகிறது, உங்களுக்கும் அப்படியா?

கேள்வி:
ஆறு வருடமாகக் கிண்டிலில்தான் வாசிக்கிறேன். இரவில் விளக்கு வேண்டாம், எழுத்தைப் பெரிதாக்கலாம். அதன் அருமை தெரியும். ஆனால் போன மாதம் அப்பாவின் பழைய நாவல் ஒன்றை எடுத்தேன். ஓரத்தில் பென்சிலால் "இவள் பாவம்" என்று எழுதியிருக்கிறார். அவர் போய் நான்கு வருடம். அந்தப் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இன்னொன்று, தாளில் படித்த வரி இடப்பக்கம் கீழே என்று நினைவிருக்கிறது. திரையில் படித்தது எங்கே என்றே தெரிவதில்லை. எனக்கு மட்டும்தானா?

பதில் 1:
இல்லை. 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2018இல் வந்தது. தாளில் படித்தவர்களுக்குப் புரிதல் சற்றுக் கூடுதல். நேரக் கெடு வைத்தால் வித்தியாசம் இன்னும் அதிகம். கதைகளில் மட்டும் அது தென்படவில்லை. அதனால் நாவல் எதிலும் படிக்கலாம், பாடம் தாளில்தான் என்பது என் கட்சி.

பதில் 2:
எனக்கு முக்கியம், புத்தகம் சொந்தமா என்பது. மைக்ரோசாஃப்ட் 2019இல் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கிய நூல்கள் திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், சரி. புத்தகம் போனது போனதுதானே?

கேட்டவர்:
நன்றி. அப்பா புத்தகத்தின் தாள் பழுப்பேறி, ஓரம் நொறுங்குகிறது. என்ன செய்வது?

பதில் 3:
மரக்கூழ்த் தாளில் உள்ள லிக்னினும் (மரத்தில் இயல்பாகவே இருக்கும் ஒரு பொருள்) அமிலமும்தான் காரணம். வெயிலும் ஈரமும் படாத இடத்தில், அமிலமற்ற அட்டைப்பெட்டியில் வையுங்கள். செலோடேப் ஒட்டவே வேண்டாம், பசை கறையாகிவிடும். பென்சில் குறிப்புள்ள பக்கத்தை இன்றைக்கே ஸ்கேன் செய்துவிடுங்கள்.