புதுப்பிப்பு: கடிதத்தின் வாலில் ஒட்டிவந்த 24 எழுத்துகள்

போன வாரம் கேட்டிருந்தேன்: சிபி/எம் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடும் கணினியிலிருந்து 300 பாட் (நொடிக்கு 300 பிட்) மோடம் வழியாக அனுப்பும் 1,000 பைட் கடிதம், லேப்டாப்பில் 1,024 பைட்டாக வந்து சேர்கிறதே, கடைசியில் கண்ட்ரோல்-இசட் என்ற கட்டுப்பாட்டு எழுத்து வரிசைகட்டி நிற்கிறதே, ஏன் என்று. பிடித்துவிட்டேன். மோடம் மேல் தப்பில்லை. ஒயரை மாற்றியதெல்லாம் வீண் வேலை.

நான் கடிதம் அனுப்புவது, 1977இல் வார்ட் கிறிஸ்டென்சன் உருவாக்கிய எக்ஸ்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறையில். அது எதையும் 128 பைட் பொட்டலமாகத்தான் கட்டும். கடைசிப் பொட்டலம் நிரம்பாவிட்டால் கண்ட்ரோல்-இசட்டை அள்ளிப்போட்டு நிரப்புவது வழக்கம். சிபி/எம்முக்கு அதுதான் 'கோப்பு முடிந்தது' என்ற அடையாளம். அதனால் அங்கே கண்ணில் படவில்லை. லேப்டாப் அப்பாவி, அதையும் எழுத்தென்று எடுத்துக்கொண்டது.

இப்போது முதல் கண்ட்ரோல்-இசட்டிலேயே வெட்டிவிடுகிறேன். சரியாக 1,000. அப்புறம், அந்த எட்டுப் பொட்டலம் போய்ச்சேர அரை நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் காபியை ஆற்றிவிடலாம்.